விதை முளைத்துவிட்டது; மண் நல்ல மண்தானா?

வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் மூத்தவர்களுக்கான விளக்கம்

தாமான் வீட்டின் பின்கட்டில் நாலு கத்தரிச் செடி, வேலியோரம் ஒரு முருங்கை, வாசலில் கருவேப்பிலை, பழைய சாய வாளியில் தண்டுக் கீரை. ஓய்வு பெற்ற பிறகு காலையில் எழுந்து இவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதே பலருக்கு அன்றைய முதல் வேலை. உடம்புக்கும் மனத்துக்கும் நல்ல பழக்கம். தொடர்ந்து செய்யுங்கள். செடி நிற்கிற மண்ணைப் பற்றி மட்டும் சில செய்திகளை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சில இடங்களில் விதை போட்டால் முளை வரும், பிறகு அப்படியே நின்றுவிடும். இலை மஞ்சளாகும். எவ்வளவு உரம் போட்டாலும் ஒரு சாணுக்கு மேல் ஏறாது. விதை விற்ற கடைக்காரரைக் குறை சொல்வோம், வெயிலைச் சொல்வோம், கண் பட்டுவிட்டது என்றும் சொல்வோம். மண்ணில் காரீயமோ ஆர்செனிக்கோ துத்தநாகமோ அளவுக்கு மீறிக் கலந்திருக்கலாம் என்ற எண்ணம் நமக்கு எளிதில் வருவதில்லை.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். செடி தளதளவென்று வளரும், ஆனால் இலைக்குள் உலோகம் ஏறியிருக்கும். உடல்நலத்துக்கு இதுவே பெரிய கவலை. வளராத செடியை யாரும் சமைத்துச் சாப்பிடுவதில்லை அல்லவா?

ஈயமா, காரீயமா?

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். நம் நாட்டில் ஈயம் என்றதும் பலருக்கு ஈப்போவும் கம்பாரும் ஈயச் சுரங்கமும் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயத்தால் ஆனதே. கார் பேட்டரியிலும் தூண்டில் குண்டிலும் பழைய சாயத்திலும் இருப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். மலாய் மொழியிலும் நம்மைப் போலவே ஒன்றைத் தீமா புத்தே என்றும் மற்றதைத் தீமா ஹித்தாம் என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். நரம்புக்கும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல் செய்வது கறுப்பு ஈயம், அதாவது காரீயம். இந்தக் கையேட்டில் அதைக் காரீயம் என்றே குறிப்பிடுகிறோம்.

காரீயத்தோடு கேட்மியம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றையும் சேர்த்துக் கன உலோகங்கள் என்கிறார்கள். ஆர்செனிக்கை நம் பெரியவர்கள் பாஷாணம் என்ற பெயரில் அறிந்திருப்பார்கள். சரியாகச் சொன்னால் அது முழு உலோகம் அல்ல, இருந்தாலும் மண்ணில் செய்கிற கெடுதல் ஒன்றாக இருப்பதால் இந்தப் பட்டியலிலேயே வைக்கிறார்கள். செம்பும் துத்தநாகமும் வேறு வகை. கறிக்கு உப்பு வேண்டும் என்பது போலச் செடிக்கும் நமக்கும் அவை கொஞ்சம் வேண்டும். கை தவறி அதிகம் விழுந்தால்தான் கெடுதல்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. உலோகம் மட்காது. விழுந்த இலை மட்கும், சாணி மட்கும், பல பூச்சிமருந்துகளும் காலப்போக்கில் சிதைந்துவிடும். 1965இல் ஒருவர் கொல்லையில் உடைத்துப் போட்ட பேட்டரியின் காரீயம் இன்றும் அங்கேயே இருக்கும். வீடு கைமாறியிருக்கலாம், மேலே புல் முளைத்திருக்கலாம், உலோகம் அப்படியே கிடக்கும்.

விதைக்குள் நடப்பது என்ன?

விதை முதலில் தண்ணீரைக் குடித்து உப்புகிறது. அப்போது உள்ளே இருக்கும் நொதிகள் விழித்துக்கொண்டு, சேமித்து வைத்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அந்தச் சர்க்கரையை உண்டு முதலில் வேர் வெளியே நீள்கிறது, பிறகு தண்டு மேலே எழுகிறது. தாய் வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டு வந்தவர்போல, முதல் சில நாள்களுக்கு விதைக்கு வெளியிலிருந்து உணவு தேவையில்லை. தண்ணீரும் காற்றும் போதும். மேலே இருக்கும் தோலும் அதற்கு ஒரு கவசம்.

இதனால்தான் உலோகம் கலந்த மண்ணிலும் பல விதைகள் முளைத்துவிடுகின்றன. உலோகத்தின் அளவு மிக அதிகமாக இருந்தால் மட்டுமே முளைப்பு தடைபடும் அல்லது தாமதமாகும். பாதரசமும் கேட்மியமும் அந்த நொதிகளோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யவிடாமல் தடுக்கும். மாவுச்சத்து மாவுச்சத்தாகவே கிடக்க, முளை பசியில் வாடும்.

உண்மையான சோதனை வேர் மண்ணைத் தொட்டவுடன் ஆரம்பமாகிறது. வேரின் நுனியில்தான் புதிய உயிரணுக்கள் பிறக்கின்றன. கவசம் இல்லாத இளம் நுனி அது. உலோகம் பட்டால் உயிரணு பிரிவதும் நீளுவதும் குறைகிறது. வேர் குட்டையாகவும் தடிப்பாகவும் ஆகிறது, நுனி பழுப்பாகிறது, பஞ்சு போன்ற மெல்லிய வேர்த்தூவிகள் வருவதில்லை. செம்பு மிகுந்த மண்ணில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஒரு மண் கெட்டுவிட்டதா என்று அறிய ஆய்வுக்கூடங்களில் விதை முளைத்த எண்ணிக்கையோடு வேரின் நீளத்தையும் அளப்பதற்கு இதுவே காரணம். முளைப்பு சரியாக இருந்தும் வேர் பாதி நீளமே வந்திருந்தால் அங்கே ஏதோ தவறு இருக்கிறது.

வேர் குறுகினால் மற்ற எல்லாம் வரிசையாக வரும். தண்ணீர் ஊற்றியும் இலை தொய்யும். துத்தநாகமோ கேட்மியமோ அதிகமானால், செடிக்குக் கிடைக்க வேண்டிய இரும்புச் சத்து தடைபடும். அப்போது புதிதாக வரும் குருத்திலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் வெளிறிப்போய் இருக்கும். ஆர்செனிக்கின் வழி வேறு. செடிக்கு வேண்டிய பாஸ்பரஸ் சத்தின் உருவத்தில் அது நிற்பதால், வேர் ஏமாந்துபோய்த் தானே கதவைத் திறந்து உள்ளே விட்டுவிடுகிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மஞ்சள் இலையையும் குட்டை வேரையும் பார்த்தவுடன் பயப்படாதீர்கள். தண்ணீர் தேங்கினாலும், தழைச்சத்து குறைந்தாலும், மட்காத கோழி எருவைப் போட்டாலும் இதே அறிகுறிகள் வரும். நம் நாட்டு மண் பெரும்பாலும் புளிப்புத்தன்மை உள்ளது. அதில் இயல்பாகவே இருக்கும் அலுமினியம் கரைந்து வந்து வேரைக் குட்டையாக்குவது மிகச் சாதாரணம். அதற்குக் கொஞ்சம் விவசாயச் சுண்ணாம்பு போட்டாலே போதும்.

பச்சைப் பயறு வைத்துப் பாருங்கள்

கோவில் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டவர்களுக்கு முளையைப் பார்த்துச் சகுனம் சொல்லும் கண் உண்டு. அதே கண் இங்கேயும் உதவும்.

இரண்டு பழைய கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உங்கள் கொல்லை மண், மற்றதில் கடையில் வாங்கிய பூந்தொட்டி மண். கொல்லை மண்ணை ஒரே இடத்தில் எடுக்காமல், ஒரு சாண் ஆழம் வரை ஐந்தாறு இடங்களில் தோண்டிக் கலந்து எடுங்கள். ஒரே பொட்டலத்திலிருந்து கிண்ணத்துக்கு இருபது பச்சைப் பயறாகப் போட்டு, மெல்லிய மண் மூடி, இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் தெளித்து நிழலில் வையுங்கள். கடைப் பயறுதான் போதும், ஆனால் உடைத்த பயறு முளைக்காது.

ஐந்தாம் நாள் இரண்டு கிண்ணத்து முளைகளையும் தண்ணீரில் அலசி மெதுவாக எடுத்து, ஒரு வெள்ளைக் காகிதத்தில் வரிசையாக வையுங்கள். வேரைப் பாருங்கள். தேவைப்பட்டால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இரண்டிலும் முளைக்கவில்லை என்றால் பயறு பழசு, மண்ணின் மேல் தவறில்லை. கடை மண்ணில் நீண்ட வெள்ளை வேரும் கொல்லை மண்ணில் கட்டையான பழுப்பு வேரும் இருந்தால், அந்த மண்ணில் ஏதோ கோளாறு. அது உலோகமா, புளிப்பா, உப்பா, பழைய களைக்கொல்லியா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. இரண்டும் ஒன்றுபோல் வளர்ந்திருந்தால் செடிக்கு அந்த மண் ஒத்துக்கொள்கிறது என்று மட்டும் பொருள். நமக்கும் ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு கேள்வி. சோதனை செய்த முளையைச் சாப்பிட வேண்டாம்.

செழித்த செடி ஏன் சான்று ஆகாது?

காரீயத்தையும் கேட்மியத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது புரியும்.

காரீயம் மண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளது. வேருக்குள் கொஞ்சம் போனாலும் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், பயற்றங்காய் போன்ற காய்களுக்குள் மிகக் குறைவாகவே ஏறும். ஆகவே காரீயம் நம் வாய்க்கு வருவது பெரும்பாலும் செடியின் உள்ளிருந்து அல்ல. கீரை இலையில் ஒட்டிய மண், கிழங்கின் தோலில் ஒட்டிய மண், நம் கையில், செருப்பில், பேரப்பிள்ளை வாயில் வைக்கும் விரலில் ஒட்டிய மண், இவை வழியாகவே வருகிறது.

கேட்மியம் அப்படி அல்ல. மண்ணிலிருந்து எளிதாக வேருக்குள் போய், தண்டு வழியே இலைக்கு ஏறிவிடும். செடி வாடுவதற்கு வேண்டிய அளவு வேறு, மனிதனின் சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்ய வேண்டிய அளவு வேறு. செடி அதைத் தாங்கிக்கொண்டு பசுமையாகவே நிற்கும். நாம் பல வருடம் அதைத் தின்றால் நமக்குத்தான் பாதிப்பு.

இதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு ஜப்பானில் நடந்தது. தோயாமா மாநிலத்தில் ஜின்சு என்ற ஆறு ஓடுகிறது. ஆற்றின் மேல்பகுதியில் கமியோகா சுரங்கம் இருந்தது. துத்தநாகம் எடுத்த கழிவோடு கேட்மியம் ஆற்றில் கலந்தது. அந்தத் தண்ணீரை நெல் வயலுக்குப் பாய்ச்சினார்கள், வயல் மண்ணில் கேட்மியம் சேர்ந்தது, அரிசியிலும் ஏறியது. பல ஆண்டுகள் அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்பு மென்மையாகி, இருமினால்கூட எலும்பு முறியும் நிலை வந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மாதவிலக்கு நின்ற வயதுப் பெண்கள். அவர்கள் வலி தாங்காமல் எழுப்பிய ‘இத்தாய், இத்தாய்’ என்ற குரலே நோய்க்குப் பெயரானது. நம் மொழியில் சொன்னால் ‘வலிக்குதே, வலிக்குதே’. 1968இல் ஜப்பானிய அரசு இதை மாசினால் வந்த நோய் என்று அறிவித்தது. கெட்ட மண்ணுக்கு மேல் நல்ல மண் போட்டு வயல்களைத் திருத்தும் வேலை 1979இல் தொடங்கி 2012இல்தான் முடிந்தது.

உங்கள் வீட்டுக் கீரையில் அந்த அளவு இருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கே ஒரு பகுதியே தினமும் மூன்று வேளை அதே வயல் அரிசியைச் சாப்பிட்டது. வாரத்துக்கு ஒரு முறை பறிக்கும் ஒரு கட்டுக் கீரைக்கும் அதற்கும் நிறைய தூரம். ஆனால் கேட்மியம் சிறுநீரகத்தில் பத்து முதல் முப்பது ஆண்டு வரை தங்கும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஏற்கெனவே சிறுநீரகத்தைச் சோதித்துக்கொண்டிருக்கும் வயதில் இன்னொரு பாரம் எதற்கு? புகையிலைச் செடி கேட்மியத்தை நன்றாக உறிஞ்சும் என்பதால், புகை பிடிப்பவர் உடம்பில் அது மற்றவரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். தோட்டத்து மண்ணைப் பற்றி அக்கறைப்படும் ஐயா, முதலில் சிகரெட்டை விடுவதே நல்லது.

இந்த உலோகங்கள் எங்கிருந்து வந்தன?

உங்கள் இடத்தின் பழைய கதையை நினைத்துப் பாருங்கள். ஆய்வுக்கூடத்துக்கு முன்னால் இதுவே முதல் சோதனை. இதில் மூத்தவர்களான உங்களுக்கு இருக்கும் ஞாபகம் வேறு யாருக்கும் இருக்காது.

வீடு நெடுஞ்சாலையோரமா? பெட்ரோலில் காரீயம் கலந்து விற்ற காலம் நமக்குத் தெரியும். 1990களில் நம் நாட்டில் அது படிப்படியாக நிறுத்தப்பட்டது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. புகை நின்றாலும், அன்று சாலையோர மண்ணில் படிந்தது அங்கேயே இருக்கிறது. சாலையை ஒட்டிய சில அடிகளில்தான் அது அதிகம், தள்ளிப் போகப் போகக் குறையும்.

பழைய பலகை வீடா? முன்பு வீட்டுச் சாயங்களில் காரீயம் கலப்பது வழக்கம். சுவரைச் சுரண்டி மறுபடி அடிக்கும்போது உதிர்ந்த சாயம் சுவரோரத்தில்தான் விழுந்திருக்கும். மழைத் தண்ணீர் சொட்டும் கூரை விளிம்புக்கு நேர்கீழே உள்ள மண்ணில் கீரை போடாதீர்கள். அங்கே செம்பருத்தியோ மல்லிகையோ வையுங்கள்.

பேட்டரி, மின் கம்பி, பழைய ரேடியோ, தொலைக்காட்சி போன்றவற்றை எரித்த இடம் மிக மோசமானது. கம்பியின் ரப்பரை எரித்துச் செம்பு எடுத்த இடத்தில் சில வருடம் புல்கூட முளைக்காததைச் சிலர் பார்த்திருப்பீர்கள். உடைந்த டியூப் லைட்டில் பாதரசம் இருக்கும், அதைக் கொல்லையில் வீசக் கூடாது. குப்பை எரித்த சாம்பலை உரம் என்று செடிக்குப் போடும் வழக்கமும் வேண்டாம். சுத்தமான விறகின் சாம்பல் வேறு, சாயம் பூசிய பலகையும் பிளாஸ்டிக்கும் எரிந்த சாம்பல் வேறு.

பச்சை நிறம் ஏறிய பதப்படுத்திய பலகையால் பாத்தி கட்டுவதையும் தவிருங்கள். கறையான் அரிக்காமல் இருக்கச் செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் கலந்த மருந்து அதில் ஏற்றப்பட்டிருக்கலாம். அமெரிக்காவின் புளோரிடாவில் அப்படிப் பலகை பதப்படுத்திய பழைய இடம் ஒன்றில் ஒரு பெரணிச் செடி மட்டும் செழிப்பாக நின்றது. 2001இல் அதைச் சோதித்த விஞ்ஞானிகள் வியந்துபோனார்கள், மண்ணில் இருந்ததைவிடப் பல மடங்கு ஆர்செனிக்கை அது இலையில் சேர்த்து வைத்திருந்தது. அதே இனப் பெரணி நம் ஊர்ப் பழைய செங்கல் சுவர்களிலும் முளைக்கும். நாம் சமைக்கும் பாக்குக் கீரை வேறு இனம், அதனால் பயம் வேண்டாம். செடியின் செழிப்பு எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

இனி, ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு. பராக்குவாட் போன்ற களைக்கொல்லிகள் 1960களில் வருவதற்கு முன் மலாயாவின் தோட்டங்களில் புல்லைக் கொல்ல சோடியம் ஆர்செனைட் பரவலாகத் தெளிக்கப்பட்டது. மருந்தடித்த புல்லை மேய்ந்த மாடுகள் செத்ததும் உண்டு. உங்கள் அம்மாவோ அப்பாவோ அந்த மருந்தை முதுகில் சுமந்து அடித்திருக்கலாம். பழைய தோட்ட நிலம் இன்று பல ஊர்களில் தாமானாகியிருக்கிறது. ஆர்செனிக் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கும். மருந்து கலந்த கொட்டகை, பீப்பாய் கழுவிய இடம் போன்றவை எங்கே இருந்தன என்று தெரிந்தால், அந்த இடத்தில் சாப்பாட்டுச் செடி வைக்க வேண்டாம். மற்ற இடங்களைப் பற்றிச் சோதிக்காமல் முடிவு கட்ட முடியாது.

கிந்தா பள்ளத்தாக்கில் வசிப்பவர்களுக்கும் ஒரு சொல். ஈயக் கல்லோடு ஆர்செனிக் உள்ள கனிமமும் சேர்ந்தே பூமியில் கிடப்பது உண்டு. 1985இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு அந்த மணலில் காய்கறி போடுகிறவர்கள் பலர். எல்லாச் சுரங்க நிலமும் கெட்டதல்ல, ஓர் இடத்துக்கும் பத்தடி தள்ளி உள்ள இடத்துக்குமே வித்தியாசம் இருக்கும். ஆனால் ஈயக் குட்டையிலும் சாக்கடையிலும் தானாக வளரும் கங்கோங் கீரையைப் பறிக்காதீர்கள். தண்ணீரில் உள்ள உலோகத்தை உறிஞ்சுவதில் கங்கோங் மிகவும் கெட்டிக்காரி, அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்ய அதை வளர்த்துப் பார்த்த ஆய்வுகளே உண்டு. சாவியும் நம் அடுப்படிக் கடுகும் ஒரே குடும்பம். கடுகுச் செடிக்கும் இந்த உறிஞ்சும் குணம் உண்டு.

சிங்க் கூரையிலிருந்து வடியும் மழைநீரில் துத்தநாகம் கலந்திருக்கும். நமக்கு அதனால் பெரிய ஆபத்தில்லை, இளம் நாற்றுக்குத்தான் தொந்தரவு. பழைய டயருக்குள் செடி வைப்பவர்களுக்கும் இதே செய்தி.

மண்ணை மாற்ற முடியாவிட்டால்?

சந்தேகமான இடத்தில் எளிய வழி, அந்த மண்ணைத் தொடாமல் மேலே புதிய மண் போடுவது. ஜப்பானில் வயல்களுக்குச் செய்ததும் இதுவே. கீழே கெட்டியான துணியோ வலையோ விரித்து, முப்பது சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாத்தி கட்டி, கடையில் வாங்கிய மண்ணையும் நன்றாக மட்கிய தொழு உரத்தையும் நிரப்புங்கள். உயரமான பாத்தி முட்டி வலி உள்ளவர்களுக்கும் வசதி, அவ்வளவாகக் குனிய வேண்டியதில்லை. அல்லது பூந்தொட்டி போதும். சாய வாளி, எண்ணெய் டின், பேட்டரிப் பெட்டி இவற்றைத் தொட்டியாக்க வேண்டாம்.

தொழு உரம் காரீயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விவசாயச் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பைக் குறைப்பதால் கேட்மியமும் காரீயமும் துத்தநாகமும் வேருக்கு எளிதில் கிடைக்காது. ஆனால் ஆர்செனிக் உள்ள மண்ணில் சுண்ணாம்பு உதவாது, சில சமயம் அதை இன்னும் இளக்கிவிடும். ஆகவே பழைய மருந்துக் கொட்டகை இடத்தில் சுண்ணாம்பு போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பாஸ்பேட் உரங்களில் இயற்கையாகவே சிறிதளவு கேட்மியம் இருக்கும், ஆகவே ‘இன்னும் ஒரு பிடி’ என்று போடும் கையைக் கொஞ்சம் அடக்குங்கள்.

எந்தச் செடி வைக்கிறோம் என்பதும் முக்கியம். சுமாரான மண்ணில் கத்தரி, வெண்டை, மிளகாய், பயற்றங்காய், பீர்க்கு, முருங்கைக்காய் போன்றவை பாதுகாப்பானவை. கீரை வகைகளையும் கிழங்கு வகைகளையும் நல்ல மண் போட்ட தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

மண்ணில் உள்ள உலோகத்தின் அளவை ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும். எங்கே, எப்படிச் சோதிக்கலாம் என்று மாவட்ட விவசாய அலுவலகத்தில் விசாரியுங்கள். போகும்போது இடத்தின் பழைய கதையையும் சொல்லுங்கள். எதைத் தேட வேண்டும் என்று அவர்களுக்கு அது வழிகாட்டும்.

அடுப்படியிலும் வாசலிலும்

கீரையை வாளித் தண்ணீரில் ஒரு முறை முக்கி எடுப்பது போதாது. ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவுங்கள், மண்ணைத் தொட்ட அடி இலையைக் கிள்ளிப் போடுங்கள். மரவள்ளி, சர்க்கரைவள்ளி, முள்ளங்கி இவற்றின் தோலைச் சீவிவிடுங்கள். இதனால் மேலே ஒட்டிய காரீயம் போகும். உள்ளே ஏறியது கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. மஞ்சள்தூள் போட்டால் நஞ்சு முறியும் என்பது உலோகத்துக்குப் பொருந்தாது.

தோட்டத்துச் செருப்பை வாசலிலேயே விடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு வெற்றிலை மடிக்கலாம், பேரப்பிள்ளையைத் தூக்கலாம். குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு காரீயத்தை உறிஞ்சும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. தீங்கில்லாத அளவு என்று ஒன்று காரீயத்துக்கு இல்லை. தாத்தாவின் தோட்டத்தில் பிள்ளை மண் அளைந்து விளையாடுவது பார்க்க இனிமைதான். அதற்கென்று ஒரு மூலையில் புதிய மணல் கொட்டிக் கொடுங்கள், வெறும் மண்ணாகக் கிடக்கும் மற்ற இடத்தில் புல் வளர விடுங்கள்.

இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு கேட்மியத்தையும் காரீயத்தையும் அதிகமாக உறிஞ்சும். டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையை அலமாரியில் சேர்த்து வைக்காமல் சாப்பிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பசார் காய்கறியையும் மாற்றி மாற்றி வாங்குங்கள், ஒரே இடத்துக் கீரையையே தினமும் சாப்பிட வேண்டாம். கடையில் விற்கும் உணவில் இந்த உலோகங்கள் எவ்வளவு வரை இருக்கலாம் என்பதற்கு 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளில் உச்சவரம்பு இருக்கிறது. உங்கள் கொல்லைக்கு அந்தக் காவல் இல்லை.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

காரீயம் உடம்பில் நுழைந்தால் பெரும்பகுதி எலும்பில் போய்த் தங்கும், பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். வயதாகி எலும்பு தேயும்போது, முக்கியமாகப் பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு, அது மறுபடி இரத்தத்தில் கலக்கும். இளமையில் சேர்ந்தது முதுமையில் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். இதற்குத் தனி அறிகுறி கிடையாது. வயிற்று வலி, மலச்சிக்கல், சோர்வு, கை கால் மரத்துப்போதல் எல்லாம் வேறு பல காரணங்களாலும் வரும். அதனால் நீங்கள் சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும்.

பேட்டரிப் பட்டறை, சாயம் அடிக்கும் வேலை, பற்றவைக்கும் வேலை, பழைய சாமான் தொழில், தோட்டத்தில் மருந்தடிப்பு இவற்றில் எதையாவது செய்திருந்தால், அடுத்த முறை சுகாதார கிளினிக்குக்குப் போகும்போது எத்தனை வருடம் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். தேவையென்று டாக்டர் நினைத்தால் இரத்தத்தில் காரீயத்தின் அளவைச் சோதிக்கச் சொல்வார். உடம்பிலுள்ள நச்சு உலோகத்தை வெளியேற்றும் என்று விற்கப்படும் பொடியையும் சூரணத்தையும் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். பதிவில்லாத சில மருந்துகளிலேயே பாதரசமும் காரீயமும் இருந்திருக்கின்றன. மருந்துப் பெட்டியில் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், எழுத்து பொடியாக இருந்தால் பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டில் பழைய பேட்டரி கிடந்தால் உடைக்காமல், அமிலம் சிந்தாமல் நிமிர்த்தி வைத்து, பேட்டரி மாற்றும் கடையில் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான கடைகள் அதற்குக் கொஞ்சம் காசும் தருவார்கள்.